உப்பளத்தைச் சுற்றும் பத்தாம் வகுப்பு

இடது பக்கம் உப்புக் குவியல், வலது பக்கம் உப்புக் குவியல், நடுவில் எங்கள் பள்ளிக்கூட பஸ், பஸ்ஸுக்குள் பத்தாம் வகுப்பில் தேறாது என்று முடிவு கட்டப்பட்ட நாங்கள். இதற்குப் பெயர் களப்பயணம். எங்கள் பிரின்சிபால் பத்மலோசனி மேடத்தின் குரலில் சொன்னால், "டியர் சில்ட்ரன், புத்தகத்துக்கு வெளியேயும் ஒரு வகுப்பறை இருக்கிறது." அந்தச் சில்ட்ரனில் நடுவே வருகிற எழுத்தை மேடம் தட்டுகிற தட்டு இருக்கிறதே, பல்லிடுக்கில் மாட்டின மீன்முள்ளை நாக்கால் எடுத்துப் போடுவது மாதிரி, அதைப் பிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது, இப்போது மேடத்துக்கே மறந்துபோனால் என்னிடம் வந்து கேட்டுக்கொள்ளலாம். இன்று டெல்லியிலிருந்து ஒரு குழு வருகிறது. புதிய தேசியப் பாடத்திட்டம் பிள்ளைகளை வாழ்க்கைக்கு எப்படித் தயார் செய்கிறது என்று நேரில் பார்க்க வருகிறார்கள். பார்க்கட்டும். பார்ப்பதற்கென்றே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறோம், திடீரென்று கை தூக்க ஒருத்தி, யோசிப்பது போல மின்விசிறியைப் பார்க்க ஒருத்தன், தப்பாகச் சொல்ல ஒருத்தி, அவளை அன்பாகத் திருத்த அவளுடைய தோழி. பாடத்தின் பெயர் 'ஒருவரையும் விட்டுவிடாமல்'. சத்தியமாக அதுதான் பெயர், நான் கட்டிச் சொல்லவில்லை, சக்கர நாற்காலியில் ஒரு பையனும் அவனைச் சுற்றிப் பல்லைக் காட்டிக்கொண்டு நாலு பேரும் புத்தகப் படத்தில் இருப்பார்கள். காலையில் பிரேயர் முடிந்ததும் எங்கள் பெயரை மட்டும் வாசித்து, தண்ணி பாட்டில் எடுத்துக்கச் சொல்லி, பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். விட்டுவிடவில்லை என்பது உண்மைதான், ஏற்றித்தானே அனுப்பியிருக்கிறார்கள்.

மேடம் போன் பண்ணுகிறவரைக்கும் திரும்பி வரக்கூடாது என்று பி.டி. சாருக்கு உத்தரவு. தனுஷ்கோடி சார் முன் சீட்டில் விசிலை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பக்கம் சுற்றி முடித்ததும் இந்தப் பக்கம், பஸ்ஸும் அதே மாதிரி. டெல்லி விமானம் தாமதமாம், அதனால் எங்களுக்குக் கூடுதல் உப்பு. டிரைவர் சூசை அண்ணன் ஒவ்வொரு திருப்பத்திலும் டீசலைப் பற்றி முனகுகிறார், அந்த முனகலை நான் அப்படியே பின் சீட்டிலிருந்து திருப்பி முனகினேன், அவர் கண்ணாடியில் தேடினார், யாரென்று பிடிபடவில்லை, எல்லாரும் ஜன்னலைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு போடுட்டி என்றார்கள், போட்டேன், வண்டி எண் பூஜ்யம் உப்பளத்திலிருந்து உப்பளம் வரை செல்லும் பாசஞ்சர் காலவரையின்றி வந்துகொண்டேயிருக்கிறது. பங்குச் சாமியாரைப் போடு என்றார்கள், அன்பார்ந்த இறைமக்களே, மந்த மாணவர்களுக்காக மன்றாடுவோமாக. தனுஷ்கோடி சாரின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். சிரிக்க மாட்டாரா பின்னே, அவர் மட்டும் ஏன் இந்த பஸ்ஸில் இருக்கிறார், உடற்கல்வி பாடத்திட்டத்தில் கட்டாயம், டைம்டேபிளில் பச்சைக் கட்டமாக இருக்கிறது, அந்தக் கட்டத்தைக் கணக்கு டீச்சர் வந்து வாங்கிக்கொண்டு போவார், சார் பந்தைத் திரும்பவும் அறைக்குள் வைத்துப் பூட்டுவார், அவரும் தேறாத பாடம்தான். இசக்கிராஜா மட்டும் சிரிக்கவில்லை. அவன் எனக்கு முன் சீட்டில், ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு. அவனுடைய அப்பா இங்கேதான், இந்த ரோட்டோரப் பாத்தியில்தான் உப்பு வாருகிறார். முதல் தடவை பஸ் போனபோது அவர் நீளக் கட்டையை ஊன்றிக்கொண்டு கையை ஆட்டினார், மகன் படிக்கிற பள்ளிக்கூட பஸ் அல்லவா, பல் தெரிய ஆட்டினார், இவனும் ஆட்டினான். அடுத்த தடவையும் ஆட்டினார். அதற்கடுத்த தடவை கை பாதி வரைக்கும் வந்து நின்றது. அப்புறம் ஆட்டவில்லை, வெறுமனே பார்த்தார், ஒரே பஸ் ஏன் இப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்று யோசிக்கிற மனுஷனுக்கு எந்த முகம் வருமோ அந்த முகம். அந்த முகத்துக்குக் குரல் இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

வாழ்க்கைக்குத் தயார். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஒரு கோழி ஞாபகம் வருகிறது, தயாராக இருக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க. எங்கள் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் மூன்று மூஞ்சி போட்டிருக்கும், சிரிக்கிற மூஞ்சி, சும்மா இருக்கிற மூஞ்சி, அழுகிற மூஞ்சி, பாடம் எவ்வளவு புரிந்ததோ அதற்கு ஏற்ற மூஞ்சிக்குக் கலர் அடிக்க வேண்டும். 'தன்னை அறிதல்' பாடத்தில் நான் மூன்று மூஞ்சிக்கும் மீசை போட்டேன், வகுப்புக்கு வெளியே நின்றேன், வெளியே நின்ற நேரத்தில் ஆபீஸ் ரூம் கிளார்க்கின் தும்மலைக் கற்றுக்கொண்டேன், அது தனி அழகு, மூன்று முறை வருவது போல வந்து நாலாவது முறை வரும். விமர்சனச் சிந்தனை என்று ஒரு பாடம், அதில் ஏன் என்று கேட்கப் பழக வேண்டும் என்று இருக்கிறது, பாடம் எடுத்த சாரிடம் ஏன் என்று கேட்டேன், டெஸ்ட்டுல வரும்னு எழுதிக்கோ என்றார். நான் மக்கு இல்லை. அதை யாருக்காகவும் நிரூபிக்கப் போவதில்லை, ஆனால் இல்லை. கணக்கில் வரவில்லை, வரவில்லைதான், அரையாண்டில் வந்த மார்க்கைச் சொன்னால் நீங்களே என்னை பஸ் ஏற்றுவீர்கள். அந்த மார்க் வந்த அன்றைக்கு மேடம் எங்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுப் பேசினார், எனக்கு மட்டும் நாற்காலி போட்டார், நாற்காலி போடுகிற பெரியவர்களை நம்பக்கூடாது. ஜெசிந்தா, உன் திறமைக்கு நீ மீடியா லைன்ல எங்கயோ போகலாம், படிப்பு மட்டும்தான் வாழ்க்கையா சொல்லு, டி.சி. வாங்கிட்டு அடுத்த வருஷம் பிரைவேட்டா நிதானமா எழுது, ஸ்கூல் எப்பவும் உன் கூட நிற்கும். குரலில் அவ்வளவு தேன். மேடத்தின் தலைக்குப் பின்னால் சுவரில் நூறு சதவீதம், நூறு சதவீதம், நூறு சதவீதம் என்று வருஷ வாரியாகக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. நாங்கள் பரீட்சை எழுதினால் அந்த வரிசை அறுந்துபோகும், அவ்வளவுதான் விஷயம், அதை மட்டும் தேனில்லாமல் சொல்லியிருந்தால் ஒருவேளை மரியாதை வந்திருக்கும். எனக்கு முந்தின வருஷம் மெர்சி ரீட்டா அக்காவுக்கும் நாற்காலி போட்டார்கள். அக்கா சிரித்துக்கொண்டே டி.சி. வாங்கிப் போனாள், பிரைவேட்டா எழுதுவேன்ட்டி என்றாள். இப்போது இறால் கம்பெனியில் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு நிற்கிறாள், பரீட்சையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள், எப்போது பணம் கட்ட வேண்டும் எங்கே எழுத வேண்டும் என்று அவளுக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லாமல் அந்த வருஷம் போய்விட்டது, கூடவே நிற்பதாகச் சொன்ன ஸ்கூல் இருந்த இடத்திலேயே நின்றது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து, இந்த வருஷம், நான் பரீட்சை எழுத வேண்டும். பெயிலானால் நான் பெயிலாகிவிட்டுப் போகிறேன், ஆனால் அதை நான்தான் ஆக வேண்டும், எனக்கு முந்திக்கொண்டு நீங்கள் என்னை ஆக்கக்கூடாது. பரீட்சைக்கான பெயர்ப் பட்டியல் இன்று சாயங்காலம் போகிறது. அதற்குள் வீட்டுக்கு வீடு போன் பண்ணி, சம்மதம் வாங்கி, கையெழுத்துப் போட வரச் சொல்லிவிட வேண்டும் மேடத்துக்கு. டெல்லிக் குழு முன் வாசலில், எங்கள் டி.சி. பின் வாசலில், நாங்கள் உப்பளத்தில்.

அம்மாவை நினைத்தால்தான். இல்லை, நினைக்க வேண்டாம், வேறு எதையாவது நினைப்போம், வெயிலில் உப்பு கண்ணைக் குத்துகிறது, தூரத்தில் அனல்மின் நிலையப் புகை, அதற்குப் பின்னால் கடல் இருக்க வேண்டும், அம்மா விடிவதற்கு முன் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் எடுத்துக்கொண்டு இந்நேரம் மில் பக்கத்துத் தெருவில் கூவிக்கொண்டு இருப்பாள், பார்த்தீர்களா, எதை நினைத்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து முட்டுகிறது, இந்த பஸ் மாதிரி. அம்மா மிக்கேலம்மாளுக்கு மேடம் என்றாலே பயம். மேடம், டாக்டர், மேனேஜர், கண்ணாடி போட்ட யாராக இருந்தாலும் சரிங்க என்பாள், சொல்லி முடிப்பதற்கு முன்பே சரிங்க. மேடம் கூப்பிட்டு, உங்க பொண்ணு டி.சி. வாங்கிக்கட்டும் என்றால் அம்மா சரிங்க மேடம் என்பாள், ரொம்ப நன்றி மேடம் என்றும் சேர்த்துச் சொல்வாள். நல்லவேளையாக மேடத்துக்கு என் அம்மாவைத் தெரியாது. மேடத்துக்குத் தெரிந்த அம்மா நான். பள்ளிக்கூடத்தில் கொடுத்த நம்பர் எங்கள் பட்டன் போனுடையது, மீன் தண்ணியில் விழுந்துவிடும் என்று அம்மா அதை எடுத்துப் போவதில்லை, அது என் சாக்ஸுக்குள் இருக்கும். சேர்ந்த புதிதில் ஒரு நாள் புகார் சொல்லக் கூப்பிட்டார்கள், நான் பாத்ரூமுக்குள் நின்று, "மன்னிச்சிருங்க மேடம், அவ வரட்டும், நான் கண்டிக்கேன்" என்றேன், அம்மாவின் குரல், கூவிக் கூவிக் கீறல் விழுந்த அடித்தொண்டை, வாக்கியத்தின் கடைசியில் ஒரு சின்ன இருமல். மேடம் நம்பிவிட்டார். அதிலிருந்து எல்லாப் புகாரும் என்னிடமே வரும், என்னைப் பற்றி என்னிடமே சொல்வார்கள், நானும் சேர்ந்து வருத்தப்படுவேன், ஒரு தடவை இந்தப் பிள்ளையை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறேனோ மேடம் என்று நான் அழுததில் மேடமே எனக்கு ஆறுதல் சொன்னார். என்ன சுகம் தெரியுமா அது. அந்தச் சுகத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன், நான் செய்த அம்மாவும் எப்போதும் சரிங்க மேடம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். மாட்டேன் என்கிற சொல்லை அந்தக் குரலில் நான் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை.

திரும்பவும் அந்தத் திருப்பம். இசக்கிராஜா எழுந்து நின்றுவிட்டான். பாத்தியில் அவன் அப்பா கட்டையைக் கீழே போட்டிருந்தார், காதில் போன். ஒரு கையால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, முன்னால் ஆள் நிற்பது மாதிரி. தலையை ஆட்டினார். திரும்பவும் ஆட்டினார். போனில் பேசுகிறவர்களுக்குத் தலை தெரியாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. "எங்க அப்பா சரின்னு சொல்லுதாரு," என்றான் இசக்கிராஜா, பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் மெதுவாக. தனுஷ்கோடி சார் விசில் சுற்றுவதை நிறுத்தினார். இந்த மாவட்டத்திலேயே எண்ணூறு மீட்டரில் இவன் கால் முன்னால் வராத போட்டி கிடையாது, சார் தன் கைக்காசில் அவனுக்கு ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறார். மேடம் பட்டியல் வரிசையில்தான் போன் பண்ணுவார், இசக்கி, ஆங்கிலத்தில் ஐ. ஐ முடிந்தால் அடுத்தது ஜே. கணக்கு வராத எனக்கு இந்தக் கணக்கு மட்டும் பளிச்சென்று வந்தது, கணுக்காலில் சாக்ஸுக்குள் போன் நடுங்கி, அப்புறம் ரிங்டோனாக வைத்திருந்த மாதா கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. சாரும் திரும்பினார். நான் எடுத்தேன். எடுக்காவிட்டால், அம்மா எடுக்கவில்லை, ஆட்சேபணை இல்லை போல என்று மேடம் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார், மேடத்தை எனக்குத் தெரியும், உள்ளிருந்து தெரியும். "ஜெசிந்தா அம்மாவா? சாயங்காலம் வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கம்மா. புள்ளைக்கு நல்லதுதான் செய்யறோம்." நான் வாயைத் திறந்தேன். அடித்தொண்டை தயார், கீறல் தயார், சரிங்க மேடம் தானாகவே நாக்கு நுனிக்கு வந்து நிற்கிறது, அதைத் தள்ளிவிட்டு வேறு சொல்லை வைக்க இடம் தேடுகிறேன், அம்மா எங்கேயாவது எப்போதாவது மாட்டேன் சொல்லியிருக்கிறாளா, யாரிடமாவது, கடவுளிடமாவது. சொல்லியிருக்கிறாள். டவுன் பஸ்ஸில். நான் அப்போது சின்னப் பிள்ளை, அம்மாவின் முந்தானைக்குள் இருந்தேன், மீன் கூடை காலடியில், கண்டக்டர் விசிலை ஊதி வண்டியை நிறுத்தி, மணக்குது, எல்லாரும் சொல்லுதாங்க, இறங்கு என்றார். யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அம்மா கோபப்படவில்லை, கத்தவில்லை, எழுந்திருக்கவும் இல்லை, கூடையைக் காலால் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள். எறங்க மாட்டேன் தம்பி, டிக்கெட்டு எடுத்திருக்கேன், மணக்குதுன்னா ஜன்னலத் தொறந்து விடு. அவ்வளவு சாதாரணமாக. கண்ணாடி போடாதவர் என்பதால் சொன்னாளோ என்னவோ, ஆனால் அந்தத் தொண்டையில் அந்தச் சொல் இருந்தது, எனக்கு அது போதும்.

"கையெழுத்துப் போட மாட்டேன் மேடம். எம்பிள்ள அங்கதான் எழுதும்." சின்ன இருமல், அதை மறக்கவில்லை. மறுமுனையில் தேன் தீர்ந்துபோன சத்தம் கேட்டது, வெறும் மூச்சு. அப்புறம், "நான் சொன்னா எப்பவும் கேப்பீங்களே. புரிஞ்சுக்கோங்கம்மா, உங்க பொண்ணு பாஸ் பண்ண மாட்டா." இங்கேதான் சிக்கியது. இதற்கு அம்மா என்ன சொல்வாள்? என் பிள்ளை பாஸ் பண்ணுவாள் என்று அம்மா சொல்வாளா, நம்புகிறாளா, கேட்டதே இல்லை, ஒரு நாளும் நாங்கள் இதைப் பற்றிப் பேசினதே இல்லை, நான்தான் பேசவிடாமல் நடுவில் உட்கார்ந்திருந்தேனே. அந்தக் குரலுக்குள் போய்த் தேடினால் அங்கே அம்மா இல்லை, ஆளில்லாத வீட்டில் லைட் போட்டது மாதிரி இருக்கிறது. பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. இசக்கிராஜா என்னையே பார்க்கிறான். பயம் வயிற்றில் ஆரம்பித்து மேலே ஏறி வந்து, வழியில் எங்கேயோ சிரிப்பாக மாறிவிட்டது, எனக்கு எப்போதும் அப்படித்தான், அதற்காக எத்தனை தடவை வெளியே நின்றிருக்கிறேன். "பாஸ் பண்ணுவேனான்னு நான் எழுதிப் பாத்துட்டுச் சொல்லுதேன் மேடம்," என்றேன். யாரு பேசறது என்றார் மேடம். "ஜெசிந்தா, டென்த் பி. அம்மா தெருவுல மீன் விக்காவ. நீங்க ரெண்டு வருசமா என்கிட்டதான் பேசிட்டு இருக்கீய. அம்மாவப் பாக்கணும்னா நானே கூட்டிட்டு வாரேன், அவியளும் என்கூட நின்னு மாட்டேன்னு சொல்லட்டும், இல்ல சரின்னு சொல்லட்டும், அத அவியதான் சொல்லணும். இப்ப நாங்க வாரோம்." மேடம் மூச்சை இழுக்கிற சத்தம் வந்தது, இவ்வளவு அழகான மூச்சை நான் இதுவரை பிடித்ததில்லை. கட் பண்ணினேன்.

தனுஷ்கோடி சார் எழுந்து வந்து கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன், முடிந்தது கதை. அவர் கையில் அது திரும்பவும் மாதா கோயில் மணி அடித்தது. சார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், அது அடித்து முடிக்கும்வரை, அப்புறம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சூசை, ஸ்கூலுக்கு விடும்." மேடம் சொல்லாமலா என்று சூசை அண்ணன் கேட்டார். "களப்பயணம் முடிஞ்சிருச்சு, விடும்வே." வண்டி திரும்பியது. உப்புப் பாத்தி வந்ததும் சூசை அண்ணன் யாரும் கேட்காமலே வேகத்தைக் குறைத்தார், இசக்கிராஜா ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, யப்பா, கையெழுத்துப் போடாத என்று கத்தினான். அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். இவன் இன்னொரு தடவை கத்தினான், அப்புறம் நாங்கள் எல்லாரும் சேர்ந்து கத்தினோம், ஒரே குரலாக இல்லை, ஆளுக்கொரு சுருதியில், கேவலமாக, சந்தோஷமாக.

வாட்ச்மேன் பள்ளி பஸ் என்று கேட்டைத் திறந்துவிட்டார், அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை போல. முற்றத்தில் வண்ணக் கோலம், வெல்கம், அதைச் சுற்றி வளைத்து வரிசையாக நடந்தோம், வரிசை இல்லாமல் சாருக்கு நடக்கத் தெரியாது. டென்த் பி கதவு திறந்திருந்தது. உள்ளே டெல்லியிலிருந்து வந்தவர்கள் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், பலகையில் பாடத்தின் பெயர் பெரிதாக, எங்கள் இடங்கள் காலியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை, ஒன்பதாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டி வந்து எங்கள் பெஞ்சில் நிரப்பியிருந்தார்கள், பத்தாம் வகுப்பு டையைக் கட்டிவிட்டு. மேடம் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து போனும் கையுமாக ஏறக்குறைய ஓடி வந்துகொண்டிருந்தார். டெல்லி அம்மாள் ஒருத்தர் கண்ணாடியை மேலே தள்ளி, இவர்கள் யார் என்று கேட்டார். தனுஷ்கோடி சார் விறைப்பாக நின்றார். "டென்த் பி, மேடம். மிச்சப் பேரு."

நான் மூன்றாவது பெஞ்சுக்கு நடந்தேன். அங்கே ஹர்ஷிதா என்கிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, தப்பாகச் சொல்லித் திருத்தப்பட வேண்டிய விடையை உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டு, பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, எந்திரி. அது என் எடம்."

எழுந்தாள். உட்கார்ந்தேன். பெஞ்சு இன்னும் சூடாக இருந்தது.